பக்கத்து வகுப்புப் பொண்ணும் என் இடது கையும்

அன்பு மகளுக்கு,

உன் பெரியம்மா ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் பெரியப்பாவும் அவரவர் மாத்திரை டப்பாவோடு சௌக்கியமாக இருக்கிறோம். அங்கே நீயும், உன் அம்மாவும், உன் அம்மாவின் கோபமும் அதேபோல் குறைவில்லாமல் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். உன் கடிதம் கிடைத்தது. கேள்வி கேட்டால் வகுப்பே சுவரில் மாட்டிய போட்டோ மாதிரி உட்கார்ந்திருக்கிறது, அடுத்த வாரம் கண்காணிப்பாளர் மறுபடியும் வந்து பின் பெஞ்சில் உட்காரப் போகிறார், இந்தத் தடவையும் பிள்ளைகள் வாய் திறக்காவிட்டால் வேலை நிரந்தரமாகாது, நீங்களும் கணக்கு டீச்சர்தானே, எனக்கு உபயோகமாக நாலு யோசனை எழுதுங்கள் பெரியம்மா என்று எழுதியிருந்தாய். நம் குடும்பத்தில் என்னிடம் யோசனை கேட்ட முதல் ஆள் நீதான். பெருமை தாங்காமல் உன் பெரியப்பாவிடம் படித்துக் காட்டினேன். "உன்கிட்டயா கேட்டிருக்கா? விலாசம் மாறி வந்திருக்கும்" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைத் திருப்பிக்கொண்டார். அவர் கிடக்கிறார்.

முதலில் சின்னச் சின்ன விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். "புரிந்ததா?" என்று வகுப்பைப் பார்த்துக் கேட்கவே கேட்காதே. "இல்லை டீச்சர், இவ்வளவு நேரம் நீங்கள் பேசியதில் ஒன்றும் விளங்கவில்லை" என்று எந்தப் பிள்ளையும் இதுவரை சொன்னதில்லை, இனியும் சொல்லாது. அதற்குப் பதில், "இதைப் பக்கத்தில் இருக்கிறவளுக்கு நீ எப்படிச் சொல்லித் தருவாய்?" என்று கேள். அடுத்தது, கேள்வி கேட்டதும் வாயை மூடிக்கொள். நமக்கு நாக்கில் ஸ்பிரிங் வைத்துப் படைத்திருக்கிறான். கேள்வியையும் கேட்டு, பதிலையும் சொல்லி, "வெரி குட்" என்று நம்மையே பாராட்டிக்கொண்டும் விடுவோம். அப்படிச் செய்யாதே. உனக்குப் பிடித்த ஒரு பாட்டின் முதல் இரண்டு வரியை மனசுக்குள் நிதானமாகப் பாடி முடி. அதுவரை வகுப்பில் அமைதி இருக்கட்டும். அந்த அமைதியைப் பார்த்துப் பயப்படாதே என்று எழுத ஆசைதான், ஆனால் அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். இன்னொன்று, கரும்பலகையில் தப்பான விடை வந்தால் உடனே டஸ்டரைத் தூக்கிக்கொண்டு பாயாதே. அது அங்கேயே இருக்கட்டும். தப்பான விடையைப் போலக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் வாத்தியார் வேறு யாரும் கிடையாது.

இவ்வளவும் எந்தப் பயிற்சி முகாமிலும் டீயும் பிஸ்கட்டும் கொடுத்துச் சொல்லி அனுப்புவார்கள். அங்கே சொல்லித் தராத ஒன்று என்னிடம் இருக்கிறது. பிள்ளைகள் ஏன் வாய் திறப்பதில்லை? தெரியாததால் அல்ல, தப்பாகப் போனால் நாலு பேர் சிரிப்பார்களே என்பதால். ஆகவே தப்பை எல்லாம் வாங்கிக்கொள்ள வகுப்புக்கு ஒரு ஆள் தேவை. அந்த ஆள் நம் வகுப்பில் இருக்கக் கூடாது, அழக் கூடாது, அவளுடைய அப்பா நம்மோடு சண்டைக்கு வரக் கூடாது. அப்படி ஒரு பிள்ளை எங்கே கிடைக்கும்? எங்கும் கிடைக்காது. அதனால் நானே ஒருத்தியைச் செய்துகொண்டேன்.

ஒரு நாள், எக்ஸ் கூட்டல் ஏழு சமம் பன்னிரண்டு, எக்ஸ் எவ்வளவு என்று கேட்டுவிட்டு என் பாட்டைப் பாடிக்கொண்டு நிற்கிறேன். ஒருத்தரும் அசையவில்லை. சட்டென்று, "பக்கத்து வகுப்புல ஒரு பொண்ணு பத்தொன்பதுன்னு போட்டிருக்கா, என்ன சொல்றீங்க?" என்று சொல்லிப் பார்த்தேன். அவ்வளவுதான்! முன் பெஞ்சில் ஒரு வாயாடி இருக்கிறாள், அதுவரைக்கும் அவளுக்கு வாய் இருப்பதே எனக்குத் தெரியாது, எழுந்து நின்று, "ஐயோ டீச்சர், அவ ஏழைத் தூக்கி அந்தப் பக்கம் வெச்சுட்டு குறியை மாத்தல! சமக்குறியைத் தாண்டினா கூட்டல் கழித்தல் ஆகணும்ல? விடை அஞ்சு டீச்சர், அஞ்சு!" என்கிறாள். பின்னாலிருந்து நாலு பேர், "பாவம், அவளுக்கு யாருமே சொல்லித் தரலையா?" என்கிறார்கள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. அன்றிலிருந்து தினம் ஒரு தப்பு. வீட்டில் உட்கார்ந்து, பிள்ளை எழுதினது மாதிரி இருக்க வேண்டுமே என்று, இடது கையால் கோணல் மாணலாக எழுதி எடுத்துக்கொண்டு போவேன். உன் பெரியப்பா எட்டிப் பார்த்து, "எதுக்குக் கஷ்டப்படறே, வலது கையிலயே போடு, தப்பாத்தான் வரும்" என்றார்.

இதுவரைக்கும் எல்லாம் நல்லபடியாகத்தான் போச்சு. என் வாய்தான் சும்மா இருக்கல. அந்த வாயாடி ஒரு நாள், "டீச்சர், அவ எந்தப் பக்கத்து வகுப்பு?"ன்னு கேட்டா. எங்க வகுப்புக்கு இடது பக்கம் நிஜமாவே ஒரு வகுப்பு இருக்கு. அதைக் காட்டினா இடைவேளையில போய் விசாரிச்சுட்டு வந்துடுவாங்க. வலது பக்கம் உடைஞ்ச பெஞ்செல்லாம் போட்டுப் பூட்டி வெச்சிருக்கிற ஸ்டோர் ரூம். நான் அதைக் காட்டிட்டேன். "அங்க ஏது டீச்சர் வகுப்பு?"ன்னு கேட்டதுக்கு, "ஒரே ஒரு பொண்ணுக்கு மட்டும் தனியா நடக்குது"ன்னு கூசாம சொன்னேன். கணக்கு டீச்சர் சொன்னா பொய்யா இருக்காதுங்கிற நம்பிக்கை பாரு, ஒருத்தி விடாம தலையாட்டினாங்க. அன்னிக்கு மத்தியானம் ஒரு கேள்வியைக் கேட்டுட்டு, வாயை மூடிக்கிட்டு, பாட்டோட இரண்டாவது வரியில நிக்கிறேன்; சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெஞ்சு கிறீச்சுன்னு நகர்ந்துது. எலியா இருக்கும்னு நினைச்சேன். பெஞ்சை நகர்த்தற அளவுக்கு எலி வளர்ந்திருந்தா அதுக்கு அட்மிஷனே போடலாம்னு நினைச்சு நானே சிரிச்சுக்கிட்டேன்.

எங்க ஸ்டாஃப் ரூமைப் பத்தி உனக்குத் தெரியாது கண்ணு. ஒருத்தரைத் தெரியலைன்னு ஒத்துக்கிறது அங்க பெரிய அவமானம். எங்க விளையாட்டு மாஸ்டர், நாங்க விசில்னு கூப்பிடுவோம், அவர் வீட்ல பொண்டாட்டியைக் கூட விசில் ஊதித்தான் கூப்பிடுவார்னு கேள்வி, அவர் ஒரு நாள் டீயை உறிஞ்சிக்கிட்டே, "மேடம், உங்க பக்கத்து வகுப்புப் பொண்ணு நல்லா ஓடறா. ஒரே குறை, கோட்டைத் தாண்டினதும் நிக்க மாட்டேங்கிறா, அவ பாட்டுக்குப் போயிக்கிட்டே இருக்கா"ன்னார். என் பிள்ளைங்க அவரைக் கலாட்டா பண்ணியிருப்பாங்க, இவரும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிறார்னு விட்டுட்டேன். மறுநாள் பூகோள டீச்சர், "ரொம்ப அமைதியான பொண்ணு, நாமளாக் கேட்டாத்தான் பேசுது"ன்னாங்க. இவங்க பேசற பேச்சுக்கு நடுவுல யாரா இருந்தாலும் அமைதியாத்தான் இருக்கணும்னு அதையும் விட்டுட்டேன். ஆனா தலைமை டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "அந்தப் பொண்ணுக்கு யூனிஃபார்ம் கையெல்லாம் சின்னதாயிடுச்சு, வளர்ற பிள்ளை, வீட்ல சொல்லி வேற தைக்கச் சொல்லுங்க"ன்னப்போ எனக்கு வாயில இருந்த டீ உள்ளயும் போகல வெளியவும் வரல. எங்க தலைமை டீச்சர் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிற ஆள் இல்ல. நிஜமாத் தெரிஞ்சவங்களையே தெரியாத மாதிரி பார்க்கிற ஆள்.

அப்புறம் ஒரு பரீட்சைக் கட்டு. திருத்திக்கிட்டு வர்றேன், எல்லாத்துக்கும் அடியில பேர் போடாத ஒரு தாள். அரையும் மூணில் ஒண்ணும் சேர்ந்தா அஞ்சில் இரண்டுன்னு போட்டிருக்கு; மேல மேலயும் கீழ கீழயும் கூட்டின கணக்கு. இந்தத் தப்பை நான் அன்னிக்குக் காலையில பல் தேய்க்கும்போதுதான் யோசிச்சு வெச்சிருந்தேன். நாளைக்கு வகுப்புல சொல்லலாம்னு. யார்கிட்டயும் சொல்லல, எழுதியும் வெக்கல. தாள்ல இருந்தது என் இடது கை எழுத்து, அதே கோணல், அதே சாய்வு. பயந்தேனான்னு கேக்காதே. பழக்க தோஷம் இருக்கு பாரு, பயந்துக்கிட்டே சிவப்பு மையில ஒரு பெரிய தப்புக்குறி போட்டுட்டேன்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன். கரும்பலகைக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, வகுப்பைப் பார்த்து நின்னு கேள்வி கேக்கணும்னு உனக்கும் சொல்லிக் கொடுத்திருப்பாங்க. நானும் அப்படித்தான் நின்னேன். கேள்வியைப் பலகையில எழுதிட்டுத் திரும்பி, வாயை மூடிக்கிட்டு, பாட்டை ஆரம்பிச்சேன். நல்ல வெயில் நேரம், ஜன்னலெல்லாம் திறந்திருக்கு, ஃபேன் ஓடுது. பிள்ளைங்க யாரும் என்னைப் பார்க்கல. எல்லாக் கண்ணும் என் தோளுக்கு மேல பின்னால போகுது. இடமிருந்து வலமா, மெதுவா, எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி. அப்பத்தான் எனக்குக் காதுல விழுந்துது. சாக்பீஸ் சத்தம். டக், டக், ஒரு இழுப்பு, டக். திரும்பிப் பார்க்கணும்னு தோணுது, கழுத்து திரும்ப மாட்டேங்குது. திரும்பினப்போ யாரும் இல்ல. பலகையில என் கேள்விக்குக் கீழ புது வரி. எழுதின சாக்பீஸ் தரையில விழுந்து உருண்டுக்கிட்டிருக்கு. நான் அது உருள்றதையே பார்த்துக்கிட்டு நிக்கிறேன், வாயாடி என்னடான்னா, "டீச்சர், அவ மறுபடியும் குறியை மாத்தல!"ன்னு அலுத்துக்கிறா. பக்கத்துல இருந்தவ, "தினம் தினம் சொல்றோம், காதுலயே போட்டுக்க மாட்டேங்கிறா"ன்னு தலையில அடிச்சுக்கிறா. ஒரு பிள்ளை முகத்துலயும் பயம் இல்லடி. வகுப்பு அவ்வளவு கலகலப்பா இருந்து நான் பார்த்ததே இல்ல. நீயே சொல்லு, இப்படி ஒரு வகுப்பை எந்த டீச்சராவது பேய்க்குப் பயந்து கெடுத்துக்குவாளா? நானும் தினம் முதுகைக் காட்டிக்கிட்டு நின்னேன். அவ எழுதுவா, இவங்க திருத்துவாங்க, நான் மார்க் வாங்குவேன்.

ஒரு நாள் அவ மாத்திட்டா. அதே பழைய கணக்குதான், எக்ஸ் கூட்டல் ஏழு சமம் பன்னிரண்டு. திரும்பிப் பார்க்கிறேன், பன்னிரண்டு, பக்கத்துல நல்லா அழுத்தமா ஒரு கழித்தல் குறி, அப்புறம் ஏழு. விடை இன்னும் போடல. அந்தக் கோட்டோட நின்னு, நான் என்ன சொல்றேன்னு காத்துக்கிட்டிருந்த மாதிரி இருந்துது. வகுப்பு அப்படியே அடங்கிப் போச்சு. சரியா இருக்கிறதைப் பத்திப் பேச யாருக்கு என்ன இருக்கு? அந்த அமைதி எனக்குப் பொறுக்கல. பழைய போட்டோ திரும்ப வந்துடுமோன்னு ஒரு பதட்டம். என்ன பண்ணேன் தெரியுமா? சாக்பீஸை எடுத்து, அந்தக் கழித்தல் குறி மேல குறுக்கால ஒரு கோடு போட்டுக் கூட்டலா ஆக்கிட்டேன். எந்தக் கையிலன்னு கேக்காதே, உனக்கே தெரியும். "பாருங்க, இன்னிக்கும் தப்பா போட்டிருக்கா!"ன்னேன். வகுப்பு ஹோன்னு எழுந்துது. சுவருக்கு அந்தப் பக்கம் அன்னிக்கு ஒரு சத்தமும் இல்ல.

அதுக்கு அப்புறம் வந்த பெற்றோர் கூட்டத்துல, எல்லாரும் பேசிட்டுப் போனதும் கடைசியா ஒருத்தர் எதிர்ல வந்து உட்கார்ந்தார். மெலிஞ்ச மனுஷர், சட்டையெல்லாம் சுத்தமா இஸ்திரி போட்டு, கையில ஒரு தாளை நாலா மடிச்சு வெச்சிருந்தார். "பக்கத்து வகுப்புப் பொண்ணோட அப்பா"ன்னார். எந்த அப்பாவும் சண்டைக்கு வரக் கூடாதுன்னுதானே அவளைச் செஞ்சேன், வந்துட்டார் பாரு! ஆனா அவர் சண்டை போடல. சண்டை போட்டிருந்தாத் தேவலாம். "வீட்ல எல்லாக் கணக்கையும் சரியாத்தான் போடறா டீச்சர். பள்ளிக்கூடத்துல ஏம்மா தப்பாப் போடறேன்னு கேட்டா, டீச்சருக்கு அதுதான் பிடிக்கும்ப்பாங்கிறா"ன்னார். நான், "அது வந்து சார், மத்த பிள்ளைங்களுக்கு ஒரு ஊக்கமா இருக்கட்டுமேன்னு"ன்னு ஏதோ உளர்றேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கிட்டார். "தப்பாப் போடறதைப் பத்தி அவளுக்கு ஒண்ணும் இல்ல டீச்சர். தனியா உட்கார்ந்திருக்கோமேங்கிறதுதான். ஒரே ஒரு பொண்ணுக்கு ஒரு வகுப்புன்னு யார் வெச்சாங்கன்னு தெரியல"ன்னார். இவ்வளவும் பேசறார், என் முகத்தை ஒரு தடவை கூடப் பார்க்கல. மேசை மேல இருந்த என் இடது கையையே பார்த்துக்கிட்டிருந்தார். எழுந்து போகும்போது, ரொம்ப மரியாதையா, "இந்தக் கைதானே டீச்சர்?"னு கேட்டார். நான் கையை எடுத்து மடியில வெச்சுக்கிட்டேன். அவர் போனதும் மேசையில கிடந்த தாளைப் பிரிச்சா, நான் தப்புக்குறி போட்ட அதே அஞ்சில் இரண்டு. அதுக்குக் கீழ பென்சில்ல, ஆறில் அஞ்சுன்னு சரியான விடை, சின்னதா.

அப்புறம் நான் அவளை வெச்சுக்குவேனா? மறுநாள் காலையில வகுப்புக்குப் போன கையோட, "பக்கத்து வகுப்புப் பொண்ணு டி.சி. வாங்கிக்கிட்டு வேற பள்ளிக்கூடம் போயிட்டா"ன்னு அறிவிச்சுட்டேன். ஒரே அழுகை. வாயாடி மூக்கை உறிஞ்சிக்கிட்டே, "எந்தப் பள்ளிக்கூடம் டீச்சர்?"னா. திடீர்னு கேட்டா நான் என்ன செய்வேன், வாயில வந்த ஒரு பள்ளிக்கூடத்தைச் சொல்லி வெச்சேன். எதுன்னு இப்ப எதுக்கு, விடு. அன்னியிலிருந்து பெஞ்சு சத்தம் இல்ல, பலகை சும்மா இருக்கு, விசில் மாஸ்டர் கூட அவளைப் பத்திப் பேசறதில்ல. என் வகுப்பு மட்டும் உன் வகுப்பு மாதிரி ஆயிடுச்சு. கேள்வி கேட்டா ஃபேன்தான் பதில் சொல்லுது.

ஆகவே மகளே, இதிலிருந்து நீ எடுத்துக்கொள்ள வேண்டியது என்னவென்றால், யோசனை அருமையான யோசனை, நான்தான் அதைச் சரியாகக் கையாளவில்லை. நீயும் ஒருத்தியைச் செய்துகொள். ஆனால் அவள் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று சொல்லாதே. பூட்டின அறை எதையும் காட்டாதே. முக்கியமாக, அவளைச் சரியாகப் போட மட்டும் விட்டுவிடாதே. விட்டால் வகுப்பு ஊமையாகிவிடும், கண்காணிப்பாளர் பின் பெஞ்சில் உட்கார்ந்து கொட்டாவி விடுவார், உன் வேலை போகும். கழித்தல் குறி போட்டால் தயங்காமல் குறுக்கே ஒரு கோடு போட்டுவிடு. உனக்கு வேலை நிரந்தரமாகட்டும், பாவ புண்ணியத்தைப் பென்ஷன் வாங்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

உன் அம்மாவுக்கு என் அன்பையும், அவள் என்மேல் வைத்திருக்கும் பழைய கோபங்களுக்கெல்லாம் என் வணக்கத்தையும் சொல்லு. பெரியப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். சொல்லவில்லை, தூங்குகிறார், ஆனால் விழித்திருந்தால் சொல்லியிருப்பார். வேளைக்குச் சாப்பிடு, தொண்டையைப் பார்த்துக்கொள், சாக்பீஸ் தூசி படாமல் தலையை முடிந்துகொள். நீடூழி நல்லா இரு.

இப்படிக்கு,
உன் நன்மையே நினைக்கும்
பெரியம்மா

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போன நேரத்தில் உன் அம்மா போன் பண்ணினாள். "அக்கா, நீ ஒண்ணும் யோசனை எழுத வேண்டாம், உன் யோசனையைக் கேட்டு உருப்பட்டவங்க யாரு"ன்னு ஆரம்பிச்சா. வழக்கமான முகவுரைதான். அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னா. உன் வகுப்புக்குப் புதுசா ஒரு பொண்ணு மாற்றலாகி வந்திருக்காமே? யூனிஃபார்ம் கை சின்னதா இருக்காமே? அவ ஒருத்திதான் தைரியமா எழுந்து போய்ப் பலகையில எழுதறாளாம், எழுதறதெல்லாம் தப்பாம், பன்னிரண்டையும் ஏழையும் கூட்டிப் பத்தொன்பதுன்னு போட்டாளாம், அதைத் திருத்தறேன்னு மொத்த வகுப்பும் வாயைத் திறந்துடுச்சாம். "நம்ம பொண்ணு சந்தோஷத்துல ரெண்டு நாளா பாடிக்கிட்டே இருக்கா அக்கா"ன்னா. நான் கேட்டேன், "அவளை எங்கடி உட்கார வெச்சிருக்கா?" "முன் பெஞ்சில, மத்த பிள்ளைங்களுக்கு நடுவுல. அந்தப் பொண்ணுக்கு அதுல அப்படி ஒரு சந்தோஷமாம். பழைய இடத்துல தனியா உட்கார்ந்திருந்தேன் டீச்சர்னு சொல்லிச்சாம்."

எந்தப் பள்ளிக்கூடம்னு என் வகுப்புல சொன்னேன்னு இப்ப உனக்குப் புரிஞ்சிருக்கும். உன் கடிதம் கைப்பையில இருந்துது கண்ணு, வாயில உன் பள்ளிக்கூடத்துப் பேர்தான் வந்துது.

அதனால மேல எழுதினதையெல்லாம் அடிச்சுடு. கண்காணிப்பாளர் வர்ற அன்னிக்கு அவளைப் பலகைக்குக் கூப்பிடு. அவ கழித்தல் குறி போட்டா, கழித்தலாவே விட்டுடு. வகுப்பு கொஞ்சம் அமைதியாகும். ஆகட்டும், நீ உன் பாட்டைப் பாடிக்கிட்டு நில்லு. அவ அஞ்சுன்னு எழுதி முடிச்சதும் பக்கத்துல பெரிசா ஒரு டிக் போடு, வலது கையில. அதுக்கு அப்புறம் அவ இருப்பாளா மாட்டாளான்னு எனக்குத் தெரியாது. நான் ஒரு தடவை கூட அதைப் போட்டுப் பார்த்ததில்ல.

அவ என்னைப் பத்தி விசாரிச்சா, அந்த டீச்சர் மாற்றலாகிப் போயிட்டாங்கன்னு சொல்லிடு. எந்தப் பள்ளிக்கூடம்னு மட்டும் சொல்லிடாதே.